சத்தியம் தவறாத ஊர்

கொல்லிமலையில் ஒரு ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்று தோற்றவள் நான். இங்கே ஊராட்சியை நாடு என்போம். தேவனூர் நாடா, ஆலத்தூர் நாடா, திண்ணனூர் நாடா என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தோற்றதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. நிற்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தோற்கத்தான் வேண்டும். எனக்கு ஆறாதது வேறு. என்னைத் தோற்கடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு நாள் வாய்வலிக்கத் திட்டிவிட்டு என் காட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

எங்கள் ஊர் ரொம்பச் சின்னது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வர வேண்டும். மிளகு, குச்சிக்கிழங்கு, கொஞ்சம் சாமை, கொஞ்சம் ராகி. ஊருக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு ஊற்று. அதிலிருந்து ஒரு குழாயை இறக்கிக் கோயில் பக்கத்துத் தொட்டியில் விட்டிருந்தோம். சித்திரை வெயிலிலும் அந்தத் தொட்டி நிறைந்துதான் கிடக்கும். ஊரில் எல்லா வீட்டுக்கும் குடிக்க, குளிக்க, மாட்டுக்குக் காட்ட எல்லாம் அதுதான்.

எங்களிடம் ஒரு பழக்கம். யார் காடு எதுவரை, யார் பெண்ணை யாருக்குக் கொடுப்பது, விற்ற மாட்டுக்குக் குறை உண்டா இல்லையா, எல்லாவற்றுக்கும் கோயிலில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து ஒரு வார்த்தை சொல்வோம். சொன்னால் முடிந்தது. போலீசும் கோர்ட்டும் மலைக்குக் கீழேதான். சூடம் அணைத்துச் சொன்னதை மாற்றினவர் என்று எங்கள் ஊரில் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. படித்தவள் மாதிரி இங்கே எழுதுகிறேனே தவிர, சூடத் தட்டுக்கு முன்னால் நானும் வார்த்தையை அளந்துதான் பேசுவேன்.

தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு எழுந்ததுமே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து போக ஆரம்பித்தார். எங்கள் சனம்தான். ரோடு வேலை, கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். பிறகு அவர்தான் தலைவர் ஆனார் என்பதால் தலைவர் என்றே சொல்லிக்கொள்கிறேன். தங்கமான வாய் அவருக்கு. சின்னப் பிள்ளையைக்கூட ‘வாங்க சாமி’ என்பார். எங்கள் கோயில் கூரை ஒழுகுகிறது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரே பார்த்தார், அவரே தகரம் கொண்டுவந்தார், அவர் ஆட்களே வந்து கூரை போட்டார்கள். போட்டு முடித்த அன்று பொங்கல் வைத்து, தட்டில் சூடத்தைக் கொளுத்தி அவரே கையில் ஏந்திக்கொண்டு நின்றார். ஊரே வரிசையில் போய், ‘எங்க ஓட்டு உங்களுக்குத்தானுங்க’ என்று சூடத்தை அணைத்தது. அணைய அணைய அவர் புதுச் சூடம் வைத்துக் கொளுத்திக்கொண்டே இருந்தாராம்.

‘இருந்தாராம்’ என்று சொல்வதற்குக் காரணம், நான் அங்கே இல்லை. எனக்கு அன்றைக்குத் தூரம். கோயில் பக்கம் போகக் கூடாது. வாழ்நாளெல்லாம் எரிச்சலோடு நான் சுமந்த அந்தத் தீட்டு ஒரே ஒரு தடவை எனக்கு நல்லது செய்தது என்றால் அது அன்றைக்குத்தான். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். உள்ளங்கையில் கரி.

“பண்ணிட்டு வந்துட்டீங்களா?” என்றேன்.

“எல்லாரும் பண்ணாங்க அம்மணி. கூரை போட்டுக் குடுத்திருக்காரல்லோ?” என்றார். அவ்வளவுதான் பேசினார். அவர் எப்போதும் அவ்வளவுதான் பேசுவார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் கழித்துத்தான் நான் ஊற்றுப் பக்கம் புல் அறுக்கப் போனபோது தலைவரைப் பார்த்தேன். கூட ஒருவர், கீழ்நாட்டுக்காரர், பளபளவென்று ஷூ. பாறையிலிருந்து சரிவு வரைக்கும் இரண்டு பேரும் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். ரோட்டு ஓரத்தில் லாட்ஜ் கட்டப்போகிறவர் அவர் என்பது எனக்குத் தெரியும். என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டேன். “சும்மா பாக்கறமுங்க அக்கா. நீங்க புல்லறுங்க” என்றார் தலைவர். சிரித்துக்கொண்டே சொன்னார். லாட்ஜுக்கு எங்கள் ஊற்றைத்தான் அளக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மகளிர் குழு வேலைக்காகச் செம்மேடு ஒன்றிய ஆபீசுக்குப் பல வருசம் நடந்தவள் நான். யாருக்கு ரேஷன் கார்டு வேண்டும், யாருக்கு முதியோர் பென்சன் நின்றுபோனது, எல்லாவற்றுக்கும் ஊர் என்னைத்தான் கூப்பிடும். அந்தத் தைரியத்தில் தலைவர் பதவிக்கு மனு போட்டேன். ஊரைக் கூட்டி, ஊற்றைக் கொடுத்துவிடப் போகிறார்கள், என்னை நிறுத்துங்கள் என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஊர்க்காரியங்களை முன்னின்று நடத்துகிற ஊர்க்கவுண்டர், எனக்குச் சித்தப்பா முறை, என் தலையில் கை வைத்து, “நில்லு கண்ணு, உன்னாட்டம் ஆரு இருக்கா நமக்கு?” என்றார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு ஊர்க்கவுண்டரே ரொம்பத் தயக்கத்தோடு, “ஆனா ஓட்டு அவருக்குத்தான் கண்ணு போடோணும். சத்தியம் பண்ணிப்போட்டமல்லோ?” என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தச் சத்தியம் செல்லாது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கோயிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சாமி முன்னால் செய்ததை மாற்றுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மற்ற ஊர்கள் போடும் என்று நினைத்துக்கொண்டு நடையாய் நடந்தேன். போன ஊரிலெல்லாம் கோயிலில் ஏதோ ஒன்று புதிதாக இருந்தது. ஒரு ஊரில் மணி, ஒரு ஊரில் தளம், இன்னொரு ஊரில் மைக் செட்டு. எல்லா ஊரிலும் என்னைப் பாயில் உட்காரவைத்துக் காபி கொடுத்து அன்பாக அனுப்பிவைத்தார்கள்.

ஓட்டுக்கு முதல் நாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். நேராகவே கேட்டேன். “நீங்களாச்சும் எனக்குப் போடுவீங்களா?”

அடுப்புக்கு விறகு ஒடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன் அம்மணி. அவருக்குத்தான் போடுவேன்” என்றார். அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார், எனக்கும் ஒரு தட்டில் போட்டு மூடி வைத்திருந்தார்.

செம்மேட்டில் ஓட்டு எண்ணும்போது எங்கள் ஊர்ப் பெட்டியைத் தனியாக எண்ணினார்கள். தலைவர் பதவிக்கு ரோஸ் நிறச் சீட்டு. கிட்டத்தட்ட அத்தனையும் அவருக்கு. என் சின்னத்தில் முத்திரை விழுந்தவை இரண்டே இரண்டு. ஒன்று நான் குத்தியது. இன்னொன்றைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. யாரோ ஒருவர், அந்தப் பயத்தையும் மீறி, எனக்குப் போட்டிருக்கிறார். தோற்றுப்போய் வீட்டுக்குத் திரும்புகிறவள் மாதிரியே நான் பஸ் ஏறவில்லை. வழியெல்லாம் யார் யார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஊரில் யாராவது என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் இவர்தானோ என்று தோன்றும். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள் நிலைத்தது.

ஆனால் அந்த இரண்டு சீட்டுச் சேதி எனக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. தலைவரின் ஆட்களும் அங்கே உட்கார்ந்து எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே. என் ஓட்டு என் ஓட்டு, நான் சூடம் அணைக்கவில்லை, அதில் குற்றமில்லை என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் அந்த இன்னொன்று யார்? சாமி முன்னால் பொய் சொன்ன கை எது? ஊர் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தது.

லாட்ஜ் வேலை தொடங்கியது. ஊற்றுக்குக் கீழே இரவோடு இரவாக இல்லை, பட்டப்பகலில், தலைவரின் ஆட்களே குழி தோண்டி லாட்ஜுக்குக் கறுப்புக் குழாய் பதித்தார்கள். பாதிக்கு மேல் மண்ணுக்குள், மீதி பாறை மேலேயே கிடந்தது. மாடு மேய்க்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள். எங்கள் தொட்டிக்கு வரும் தண்ணீர் விரல் கனம் ஆனது, பிறகு நூலாகியது, பிறகு நின்றது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்து ஓடைக்கு இறங்கி ஏற ஆரம்பித்தோம். லாட்ஜில் நீந்துவதற்கு ஒரு குளம் கட்டியிருக்கிறார்கள் என்று அங்கே சித்தாள் வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்களே வந்து சொன்னார்கள்.

ஊர் கூடியது. குழாயைப் பற்றிப் பேசத்தான் கூடியிருக்கிறது என்று நினைத்துப் போனேன். ஊர்க்கவுண்டர் எழுந்து, “ஊத்து நின்னுபோச்சு. சத்தியத்த மீறினா சாமி தண்ணியத்தான் மொதல்ல நிறுத்தும்” என்றார். நான் கத்தினேன். “ஏனுங்க சித்தப்பா, குழாய் கெடக்குது, கண்ணுக்குத் தெரியறதில்லீங்களா?”

“தெரியுது கண்ணு. நாம சரியா இருந்திருந்தா அந்தக் குழாய் வந்திருக்குமா?” என்றார்.

தலைவரைக் கூப்பிட்டு, இந்தக் குழாய்க்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று சூடம் அணைக்கச் சொல்லுங்கள் என்றேன். எல்லோரும் பதறிப்போனார்கள். “ஐயோ, அதெப்படிங்க? அவரு பொய்ச்சத்தியம் பண்ணிப்போட்டா அந்தப் பாவம் நம்ம கோயிலுக்கல்லோ வரும்?” என்றாள் ஒருத்தி. அவளைச் சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர் பொய் சொல்வார் என்பதில் அங்கே ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. தகரக் கூரைக்கு அடியில் ஊரே சூடம் அணைத்த அன்று அவர் தட்டை மட்டும்தான் ஏந்தி நின்றார். அவர் எதற்கும் சத்தியம் செய்யவே இல்லை. பதிலுக்கு அவரிடம் ஒரு வாக்குக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

பழி கடைசியில் ஊர் ஓரத்தில் தனியாக ஆடு மேய்த்துப் பிழைக்கிற ஒரு கைம்பெண் மேல் விழுந்தது. அவளுக்கு முதியோர் பென்சன் வாங்கிக் கொடுத்தவள் நான், அதனால் அவள்தான் எனக்குப் போட்டிருப்பாள் என்று பேச்சு. அவள் மார்பில் அடித்துக்கொண்டு இல்லை என்றாள். மறுபடி சூடம் அணைத்தாள். யாரும் நம்பவில்லை. கோயில் பொங்கலுக்கு அவள் வீட்டு அரிசி வேண்டாம் என்றார்கள். ஓடைக்கு அவள் இறங்கினால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். நான் அவளோடு போய் நின்றேன். அது அவளுக்கு இன்னும் கெடுதலாக முடிந்தது. “நீ எங்கூட வராத அம்மணி, அதப் பாத்துத்தான் சொல்றாங்க” என்று அவளே என்னைத் தள்ளிவிட்டாள்.

அடுத்த முறை ஊர் கூடியபோது அவளைக் கோயிலுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒத்துக்கொள், தப்புக்கு ஒரு ஆட்டைப் பலி கொடு, சாமி மனசு இறங்கும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அதட்டவில்லை, கெஞ்சத்தான் செய்தார்கள். அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது என் வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“அந்தம்மாவ விடுங்க. நாந்தானுங்க” என்றார். அப்படியே சாமி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க மாட்டேன். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்த மனுசன் எனக்குச் செய்ததிலேயே பெரியது அதுதான் என்று உள்ளுக்குள் துள்ளியது. என்னிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய், அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று, எனக்குக் குத்தியிருக்கிறார். ஆனால் அவர் எழுந்தபோது முகத்தைப் பார்த்தேன். பிடிபட்ட திருடனின் முகம் அது. என் சந்தோஷம் அங்கேயே செத்துப்போனது.

எங்கள் ஆட்டையே பலி கொடுத்தோம். ஊருக்கே கறி பிரிந்தது. சத்தியத்தை மீறியதால் நஷ்டப்பட்டவர் என்ற முறையில் தலைவர் வீட்டுக்கும் ஒரு பங்கு போனது. அவர் வாங்கிக்கொண்டார். “அண்ணன் மேல எனக்குக் கோவமே இல்லீங்க” என்று சொல்லியும் அனுப்பினார். கைம்பெண்ணை எல்லோரும் பழையபடி பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். இனித் தண்ணீர் வந்துவிடும் என்று தொட்டியைக் கழுவி வைத்தார்கள்.

தண்ணீர் எங்கே வரும்? நான் விடவில்லை. நாமக்கல் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். விசாரிக்கச் சொல்லி இருக்கிறோம் என்றார்கள். விசாரணை ஊராட்சிக்கே வந்து சேர்ந்தது. கிராம சபையில் பேசிக்கொள்ளுங்கள் என்று பதில். சரி, அங்கேயே பேசுகிறேன் என்று போனேன். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் கூட்டம். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நான் எழுந்து ஊற்று, குழாய், லாட்ஜ், நீச்சல் குளம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் கோபப்படவே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பி, “ஊத்து எதனால நின்னுச்சுங்க? நான் சொல்லக் கூடாது. ஊர்தான் சொல்லோணும்” என்றார்.

அப்புறம் அவர் மெதுவாக, “அண்ணா, நீங்க சொல்லுங்க” என்றார். என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் அவர் வேட்டி ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். குழாய் என்று சொல்லுங்கள், ஒரே ஒரு வார்த்தை, குழாய் என்று மட்டும் சொல்லுங்கள் என்று முணுமுணுத்தேன். அவர் அதிகாரியைக் கும்பிட்டார்.

“என்ற தப்புதானுங்க. நான் வாக்கு மாறிட்டேன். அதுல நின்னுபோச்சுங்க.”

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஊற்று இயற்கையாக வற்றிவிட்டதாக ஊர் மக்களே சொல்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு ஏறும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பைத்தியக்காரர் என்றேன், கோழை என்றேன், இன்னும் எழுதக் கூடாத எல்லாம் சொன்னேன். அவர் எனக்கு முன்னால் நடந்தார். குழாய் கிடக்கிற இடம் வந்ததும் காலைத் தூக்கி அதைத் தாண்டி வைத்தார்.

“அந்தக் குழாய் உங்க கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?” என்றேன்.

“தெரியுது அம்மணி.”

“அப்ப ஏன் சொல்லல?”

“அது அவங்க பண்ற தப்பு. நான் பண்ணத என்னைக் கேட்டாங்க, சொன்னேன்” என்றார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது? பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம், இவரோடு முடியாது. அங்கேயே பாறை மேல் உட்கார்ந்து அழுதேன். அவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

அந்தத் தலைவரின் காலம் முடிந்துவிட்டது. தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அதே ஆள் நிற்பார் என்கிறார்கள், இல்லை, லாட்ஜ்காரருக்கு வேண்டிய இன்னொருவர் நிற்பார் என்கிறார்கள். குழுப் பெண்கள் ஓடையிலிருந்து குடத்தோடு ஏறும்போதெல்லாம், “இந்தத் தடவையும் நில்லு அக்கா” என்கிறார்கள். இந்தத் தடவை யாரும் தட்டோடு வரும் முன்னாலேயே ஊரைப் பிடித்துவிடலாம், யாரும் கை வைக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லலாம் என்று எனக்குள்ளும் ஒரு நப்பாசை எட்டிப்பார்த்தது. முதலில் என் வீட்டிலேயே ஆரம்பிப்போம் என்று போன வாரம் அவரிடம் சொன்னேன்.

மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நில்லு அம்மணி. ஆனா என்ற ஓட்ட எதிர்பாக்காத. நான் சூடம் அணைச்சுட்டேன்” என்றார்.

இன்னும் யாரும் நிற்கிறேன் என்றே சொல்லவில்லை. எங்கள் ஊருக்கு யாரும் வரவில்லை. கோயிலில் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. “ஆரு வந்து கேட்டாங்க?” என்றேன்.

“ஆரும் கேக்கல. நானேதான் போயிப் பண்ணேன். மறுக்காவும் அந்தப் பொட்டிகிட்ட நின்னா கை மாறிருமோன்னு பயமா இருந்துச்சு.”

“நிக்கறவங்களே இன்னும் இல்லையே. ஆருக்குப் போடறதா சத்தியம் பண்ணீங்க?”

அவர் மிளகைப் பரப்பிக்கொண்டே சொன்னார்.

“தலைவரு ஆரச் சொல்றாரோ, அவங்களுக்கு.”